வீட்டு வாசலுக்கு வந்த பேரங்காடிப் போர்

அம்மாவின் பழைய கைப்பையை ஒழுங்கு செய்தபோது அதன் உள்ளறையில் ஒரு சின்ன நோட்டு கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. அட்டையில் 555 என்ற எண். உள்ளே அரிசி, சீனி, மைலோ, சவர்க்காரம் என்று பட்டியல். எதிரே பென்சிலில் விலை. சில பக்கங்களில் குறுக்கே ஒரு கோடு. அந்த மாதக் கணக்கு தீர்ந்தது என்று அர்த்தம்.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த நோட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எங்கள் தாமான் மளிகைக் கடையில் மாதம் முழுவதும் சாமான் எடுப்போம். சம்பளம் வந்ததும் அப்பா முதல் வேலையாக அங்கே போய்க் கணக்கை முடிப்பார்.

அந்தக் கடை இன்னும் இருக்கிறது. ஆனால் அதே வரிசையில் நான்கு கதவு தள்ளி ஒரு சங்கிலி மினி மார்க்கெட் வந்துவிட்டது. எதிர்ச்சாலையில் இன்னொன்று. ஒரு காலத்தில் காரில் ஏறி, டோல் கட்டி, நிறுத்துமிடம் தேடிப் போய்ப் பார்த்த பேரங்காடிப் போட்டி, இன்று நடந்து போகும் தூரத்தில் நடக்கிறது.

பெரியவர்கள் பலர் ஏன் கடையை விற்றுவிட்டுப் போனார்கள்? சின்னக் கடைகளை வைத்தே ஒருவர் எப்படி ஜெயித்தார்? இடையில் நம் மளிகைக் கடைக்காரர் எங்கே நிற்கிறார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த 555 நோட்டில் இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா

1994-இல் பிரான்ஸ் நாட்டின் கேரிஃபோர் நிறுவனம் மலேசியாவில் தன் முதல் கடையை சுபாங் ஜெயாவில் திறந்தது. 2002-இல் பிரிட்டனின் டெஸ்கோ பூச்சோங்கில் தொடங்கியது. 1944-இல் கோலாலம்பூர் வட்டாரத்தில் சாதாரண மளிகைக் கடையாகப் பிறந்த ஜயண்ட், 1999-இல் ஹாங்காங்கின் டெய்ரி ஃபார்ம் குழுமத்தின் கைக்குப் போய், பல மாநிலங்களில் பெரிய பெரிய கட்டடங்களாக எழுந்தது.

என் வயதுக்காரர்களுக்கு அது ஒரு குடும்பச் சுற்றுலா. தள்ளுவண்டியில் தம்பி தங்கைகளை உட்கார வைத்துக்கொண்டு, குளிரில் இரண்டு மணி நேரம் சுற்றுவோம். சாசேஜ் துண்டைக் குச்சியில் குத்திக் கொடுக்கும் அக்காவிடம் இரண்டு முறை போய் நிற்போம். அரிசி வாங்கப் போனவர்கள் மின்விசிறியோடு திரும்பி வருவோம்.

அந்த மின்விசிறிதான் ஹைப்பர்மார்க்கெட்டின் கணக்கு. அரிசி, சீனி, எண்ணெய் ஆகியவற்றில் கிடைக்கும் இலாபம் மிக மெல்லியது. அவற்றை மலிவாகக் காட்டி ஆளை உள்ளே இழுக்க வேண்டும். உள்ளே வந்தவர் சட்டை, பாத்திரம், தொலைக்காட்சி, விளையாட்டுப் பொருள் என்று இலாபம் அதிகமுள்ள பொருள்களையும் வண்டியில் போட வேண்டும். கட்டடம் பெரிதாக இருந்தது அதற்காகத்தான்.

ஒரே கட்டடம், மூன்று பெயர்கள்

நாட்டில் சில கட்டடங்களின் பெயர்ப்பலகையை மட்டும் கவனித்தாலே இந்தப் போட்டியின் வரலாறு தெரிந்துவிடும். முதலில் அங்கே மாக்ரோ என்ற மொத்த விற்பனைக் கடை இருந்தது. 2007 வாக்கில் டெஸ்கோ அந்தக் கடைகளை வாங்கி டெஸ்கோ எக்ஸ்ட்ரா ஆக்கியது. 2020-இல் டெஸ்கோ தன் தாய்லாந்து, மலேசிய வணிகத்தைத் தாய்லாந்தின் சி.பி. குழுமத்துக்கு விற்றது. மறு ஆண்டு பலகையில் லோட்டஸ் என்ற பெயர் ஏறியது.

கேரிஃபோர் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. 2012-இல் அதன் மலேசியக் கடைகளை ஜப்பானின் ஏயோன் குழுமம் 250 மில்லியன் யூரோவுக்கு வாங்கி, ஏயோன் பிக் என்று பெயர் மாற்றியது. அதே ஆண்டில் கேரிஃபோர் சிங்கப்பூரிலும் கடையை மூடியது. ஜயண்ட் 24 ஆண்டுகள் ஹாங்காங் நிறுவனத்தின் கையில் இருந்துவிட்டு, 2023-இல் மேக்ரோவேல்யூ என்ற மலேசிய நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. 2025 மார்ச்சில் அதே மேக்ரோவேல்யூ, சிங்கப்பூரின் ஜயண்ட், கோல்ட் ஸ்டோரேஜ் கடைகளையும் 125 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது.

இவர்கள் போனதற்கு இரண்டு வகைக் காரணங்கள் உண்டு. முதலாவது, முடிவு எடுக்கப்பட்ட இடம் நம் நாடு இல்லை. ஆசியக் கடைகளை விற்ற பணத்தில் டெஸ்கோ தன் பங்குதாரர்களுக்கு 5 பில்லியன் பவுண்டு சிறப்பு இலாப ஈவு கொடுத்தது; ஊழியர் ஓய்வூதிய நிதியின் பற்றாக்குறையையும் அடைத்தது. நம் ஊர்க் கடை கூட்டமாக இருந்ததா காலியாக இருந்ததா என்பதைவிட, லண்டன் பங்குதாரர் என்ன கேட்டார் என்பது அங்கே பெரிய விஷயம்.

இரண்டாவது காரணம் நம்மிடமே இருக்கிறது. மின்விசிறியையும் சட்டையையும் நாம் கைப்பேசியில் வாங்கத் தொடங்கினோம். இலாபம் தந்த பொருள்கள் இணையத்துக்குப் போய்விட்டன. இலாபம் குறைந்த அரிசியும் எண்ணெயும் அந்தப் பெரிய கட்டடத்தில் மிஞ்சின. விளக்கும் குளிர்சாதனமும் மட்டும் பழையபடியே ஓடின. அரிசிக்காக மட்டும் யார் டோல் கட்டிப் போவார்கள்?

கிள்ளானில் தொடங்கிய கணக்கு

இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை கண்டவர் கிள்ளானைச் சேர்ந்த லீ தியாம் வா. சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் பாதிக்கப்பட்டவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. சாலையோரத்தில் தின்பண்டம் விற்றுச் சேர்த்த பணத்தில், 1987-இல் கிள்ளானில் ஒரு சிறிய மளிகைக் கடை போட்டார். அந்த முயற்சிதான் பிறகு 99 ஸ்பீட்மார்ட் ஆனது.

2024 செப்டம்பரில் அந்த நிறுவனம் புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்டபோது திரட்டப்பட்ட தொகை 2.36 பில்லியன் ரிங்கிட். ஏழு ஆண்டுகளில் நாடு கண்ட மிகப் பெரிய பங்கு வெளியீடு அது. அப்போது அதற்கு 2,600-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன.

அந்தக் கடைகளில் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். அலங்காரம் எதுவும் கண்ணில் படாது. மீன், இறைச்சி, கீரை வாங்க நாம் அங்கே போவதில்லை. அடிக்கடி தீரும் சாமான்கள் மட்டும் வரிசையாக இருக்கும். ஒரு கடையை அறிந்தவருக்கு எல்லாக் கடையும் பழக்கமான கடைதான்.

இந்த எளிமையில்தான் கணக்கு இருக்கிறது. நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்ப வேண்டாம்; தாமானில் இருக்கும் கடைவீட்டை வாடகைக்கு எடுத்தால் போதும். அழுகும் பொருள் குறைவு என்பதால் குப்பைக்குப் போகும் பணமும் குறைவு. சொந்தக் கிடங்கு, அதைச் சுற்றி நெருக்கமாகக் கடைகள் என்று அமைத்தால், ஒரே லோரி ஒரே பயணத்தில் பல கடைகளுக்குச் சாமான் இறக்கிவிடும். ஒரு கடையில் கிடைக்கும் இலாபம் சிறிது; ஆனால் அந்தச் சிறிது ஆயிரக்கணக்கான இடங்களில் கிடைக்கிறது.

2023-இல் அந்நிறுவனத்தின் விற்பனை ஏறக்குறைய 9.2 பில்லியன் ரிங்கிட். இலாபம் ஏறக்குறைய 400 மில்லியன். நூறு ரிங்கிட் சாமான் விற்றால் கையில் நிற்பது நான்கு ரிங்கிட்டுக்குச் சற்று மேல். வெற்றி பெற்றவருக்கே இவ்வளவுதான். இந்தத் தொழிலில் ஒவ்வொரு சென்னுக்கும் ஏன் சண்டை நடக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆளுக்கு ஓர் ஆயுதம்

நிலைத்து நிற்கும் மற்றவர்கள் எல்லாரும் இதே வழியில் போகவில்லை.

ஏயோன் 1984-இல், அப்போதைய பிரதமர் மகாதீரின் அழைப்பை ஏற்று, ஜெயா ஜஸ்கோ என்ற பெயரில் இங்கே வந்தது. இன்று அதற்குப் பேரங்காடி ஒரு கால். இன்னொரு கால், அந்தப் பேரங்காடியைச் சுற்றியிருக்கும் வணிக வளாகம். சிகை அலங்காரக் கடை, உணவகம், துணிக்கடை எல்லாம் அதற்கு வாடகை தருகின்றன. மற்றவர்கள் வாடகை கொடுத்துக் கடை நடத்தும்போது, வாடகை வாங்கிக்கொண்டு கடை நடத்துபவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது.

மைடின் 1957-இல் கிளந்தானின் கோத்தா பாருவில் தொடங்கிய குடும்பக் கடை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கிளைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு. மொத்த விற்பனையையும் சில்லறையையும் ஒன்றாக நடத்துவது அதன் பலம். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் பெட்டி பெட்டியாக வாங்குபவர்களை அது கைவிடவில்லை.

ஜெயா குரோசர் வேறு திசை. விலையைவிடத் தரமும் வசதியும் முக்கியம் என்று நினைக்கும் நகரவாசிகளுக்கான கடை அது. 2021 இறுதியில் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்குவதாக அறிவித்தது கிராப். கடைக்குப் போகவே நேரமில்லாதவரின் வாசலுக்குக் கடையை அனுப்பும் திட்டம் அது.

விலைச்சீட்டுக்குப் பின்னால்

ஆயுதங்கள் வேறாக இருந்தாலும் பெரிய கடைகளுக்குப் பொதுவான சில உத்திகள் உண்டு. மாதச் சாமான் வாங்கும் யாரும் இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் உத்தி, நம் ஞாபகசக்தி. ஒரு கடையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருந்தாலும், நமக்கு விலை மனப்பாடமாக இருப்பது பத்துப் பதினைந்துக்குத்தான். அரிசி, எண்ணெய், முட்டை, மைலோ, பால்மாவு, பெம்பர்ஸ். இவற்றில் விலையைக் குறைத்துவிட்டால் கடையே மலிவு என்று மனம் முடிவு செய்துவிடும். குறைத்த காசை, விலை ஞாபகம் இல்லாத மற்றப் பொருள்களில் மெல்ல எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பொட்டல அளவு. 900 கிராம் பொட்டலம் 12.90 ரிங்கிட், ஒரு கிலோ பொட்டலம் 13.90 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். கை தானாக 12.90-க்குப் போகும். ஆனால் நூறு கிராமுக்குக் கணக்குப் போட்டால் சின்னப் பொட்டலம் 1 ரிங்கிட் 43 சென். பெரியது 1 ரிங்கிட் 39 சென். மலிவாகத் தெரிந்ததுதான் விலை அதிகம். கைப்பேசியில் கணிப்பான் இருக்கிறது. கடையில் நின்று கணக்குப் போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மூன்றாவது, கடையின் சொந்த முத்திரை. ஏயோனின் டாப்வேல்யூ ஓர் உதாரணம். விளம்பரச் செலவு இல்லாததால் விலையைக் குறைக்க முடிகிறது. இலாபமும் கடைக்கே முழுதாகச் சேர்கிறது. நமக்கும் பல நேரங்களில் இது நல்ல பேரம்தான். ஆனால் கண் மட்டத்தில் இருக்கும் அலமாரியில் அது தற்செயலாக வந்து உட்காரவில்லை. அந்த இடத்துக்குப் பிற நிறுவனங்கள் பணம் கட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம். குனிந்து கீழ்த்தட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான்காவதுதான் வாடிக்கையாளர் கண்ணுக்கே தெரியாதது. பெரிய கடை, சாமான் அனுப்பும் நிறுவனத்துக்கு உடனே பணம் கொடுப்பதில்லை. 30 நாள், 60 நாள், சில இடங்களில் அதற்கும் மேல் தவணை. சாமான் இரண்டு, மூன்று வாரத்தில் விற்றுவிடும். நாம் கல்லாவில் ரொக்கமாகக் கட்டிவிடுவோம். பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் வருவதற்குள் அதை வேறு வேலைக்குச் சுழற்ற முடியும். ஒரு வகையில் அடுத்த கிளை திறப்பது சாமான் அனுப்பியவரின் பணத்தில்தான்.

இப்போது 555 நோட்டைத் திறப்போம்.

இரண்டு கடன்கள்

எங்கள் தாமான் கடைக்காரரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். போன மாதம் போனபோது வியாபாரம் எப்படி என்று கேட்டேன். சிரித்தார்.

"அவங்க விக்கிற விலைக்கு எனக்குச் சாமானே கிடைக்காது தம்பி. சில நேரம் ஆஃபர் போட்டா நானே அங்க போயி வாங்கிட்டு வந்து இங்க வைக்கிறேன்."

'ஒருவருக்கு இரண்டு மட்டும்' என்று பெரிய கடைகளில் ஒட்டியிருக்கும் தாளை நான் அதுவரை வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

அவருடைய கணக்கையும் பெரிய கடையின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய கடை இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுக்கிறது. நம்மிடம் உடனே வாங்குகிறது. அண்ணன் மொத்த வியாபாரியிடம் பெரும்பாலும் ரொக்கம் கொடுத்துச் சாமான் எடுக்கிறார். நமக்கு ஒரு மாதக் கடன் கொடுக்கிறார். அவர்கள் அடுத்தவர் பணத்தில் வளர்ந்தார்கள். அண்ணனின் பணத்தில் நாம் வளர்ந்தோம். அம்மாவின் நோட்டில் இருந்த ஒவ்வொரு வரியும், வட்டியில்லாமல் எங்கள் குடும்பத்துக்கு அவர் கொடுத்த கடன்.

தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிக்கு இது புதிதில்லை. சம்பள நாள்வரை அரிசியும் கருவாடும் கொடுத்தது தோட்டத்துக் கடைதான். அந்தக் கடன் சில குடும்பங்களைக் காப்பாற்றியது. கணக்கு தெரியாத சில குடும்பங்களை அழுத்தியும் வைத்தது. மளிகைக் கடைக் காலம் எல்லாமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. விலைச்சீட்டே ஒட்டாத கடையில், முகத்தைப் பார்த்து விலை சொன்ன காலமும் உண்டு. சங்கிலிக் கடைகள் வந்த பிறகுதான் எந்தத் தாமானில் இருந்தாலும் சீட்டில் உள்ள விலையைப் பார்த்து வாங்கலாம் என்ற நிலை பரவலானது. குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி.

ஆனாலும் தராசு ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்க்காமல் இருக்க முடியாது. 2011-இல் அரசாங்கம் துக்கார் என்ற பெயரில் சில்லறைக் கடைகளை நவீனமாக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. அலமாரி மாற்றுவது, விளக்குப் போடுவது, சாமான் அடுக்குவது எல்லாம் சொல்லிக் கொடுக்க டெஸ்கோ போன்ற பெரிய நிறுவனங்களே வழிகாட்டிகளாக வந்தன. ஒன்பது ஆண்டுகளில் அந்த வழிகாட்டி கடையை விற்றுவிட்டுப் புறப்பட்டது.

இப்போது சாரா உதவி. 2025 ஆகஸ்ட் 31 முதல், 18 வயது நிரம்பிய ஏறக்குறைய 22 மில்லியன் குடிமக்களுக்கு ஒருமுறை உதவியாக 100 ரிங்கிட், மைகாட் அடையாள அட்டை வழியாகக் கிடைத்தது. அரிசி, முட்டை, ரொட்டி, மருந்து, பள்ளிப் பொருள் போன்ற அத்தியாவசியப் பொருள்களை வாங்க நல்ல உதவி. ஆனால் அந்தப் பணத்தைப் பதிவு செய்த கடையில்தான் செலவழிக்க முடிந்தது. பொருளின் பட்டைக் குறியீட்டைப் படித்து, அனுமதிக்கப்பட்ட பொருள்தானா என்று சரிபார்க்கும் கருவி அந்தக் கடையில் இருக்க வேண்டியிருந்தது. மொத்தம் ஏறக்குறைய 2 பில்லியன் ரிங்கிட். கருவியும் பதிவும் உள்ள கடைக்கு அது மழை. பென்சிலும் நோட்டும் மட்டும் உள்ள கடைக்கு அது பக்கத்துத் தெருவில் பெய்த மழை.

அண்ணனின் கடையில் அந்தக் கருவி இல்லை. அவருடைய மகள் கணக்கியல் படித்தவர். கடைக்குப் பதிவு செய்யும் வேலையில் இப்போது இறங்கியிருக்கிறார். படித்த பிள்ளைகள் வீட்டுக் கடைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுவாகத்தான் இருக்கும்.

கூடையைப் பிரிப்போம்

விலையில் அண்ணன் ஜெயிக்க முடியாது. அதை அவரே சொல்கிறார். ஆனால் சங்கிலிக் கடை தொடாத இடங்கள் அவரிடம் இருக்கின்றன. காலையில் வந்த கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, வாழை இலை. ஐம்பது கிராம் சோம்பு கேட்டாலும் நிறுத்துக் கொடுக்கும் தராசு. கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குக் கரும்பு என்று நம் நாள்காட்டியை மனத்தில் வைத்திருக்கும் கடை. மீன் குழம்புக்கு எந்தத் தூள் என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள்.

நான் இப்போது வீட்டுச் சாமானை இரண்டாகப் பிரித்து வாங்குகிறேன். சவர்க்காரம், பால்மாவு, பெம்பர்ஸ் எங்கே மலிவோ அங்கே. நூறு கிராம் கணக்குப் போட்டுத்தான். தூள், பருப்பு, கீரை, பூஜைப் பொருள் அண்ணனிடம், ரொக்கத்துக்கு. இரண்டு ரிங்கிட் கூடினால் கூடட்டும். இதற்கு அனுதாபம் காரணமில்லை. பெரிய நிறுவனங்கள் பலகையை மாற்றிக்கொண்டு போனதை மூன்று முறை பார்த்துவிட்டேன். நாளைக்கு நான்கு கதவு தள்ளி இருக்கும் கடையும் கணக்குச் சரிவரவில்லை என்று மூடினால், நடந்து போகும் தூரத்தில் இன்னொரு கடை இருக்க வேண்டும்.

அம்மாவின் நோட்டை அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில் கோடு இல்லை. 14 ரிங்கிட் 60 சென்.

"இது தீராம இருக்கே" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். கட்டியாகிவிட்டது, கோடு போடத்தான் மறந்துவிட்டார்கள் என்று அடித்துச் சொல்கிறார். அண்ணனோ ஞாபகம் இல்லை என்கிறார். எதற்கும் அன்று பதினைந்து ரிங்கிட் கொடுத்தேன். அவர் கல்லாப்பெட்டியில் துழாவி 40 சென் மீதி கொடுத்துவிட்டு, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தார்.